என் புளிச் சாக்கில் ஓடிய தோணி

கடல் அழகு என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரையில் நின்று சுண்டல் தின்கிறவனுக்கு அது அழகுதான். அதன் முதுகில் ஏறிப் போய், காற்று வருமா வராதா என்று வாய் வறண்டு கிடந்தவனைக் கேட்க வேண்டும். இந்த ஜவ்வாது மலையில் அப்படிக் கிடந்தவன் நான் ஒருத்தன்தான். இன்னொருத்தன் இருந்தால் வரச் சொல்லுங்கள், பேசிப் பார்க்கிறேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் மழைக்காலத்தில் போனதில்லை. ஆனால் நெல்லிவாசல் பக்கத்தில் எந்தப் புளியமரம் எந்த வருஷம் காய்க்கும், எது ஏமாற்றும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவன் குத்தகை பேசுவான். மரமேறி உலுக்குவதிலும் எனக்குச் சமமாக ஒருவன் இருந்ததில்லை. மற்றவர்கள் துறட்டி வைத்து இழுக்கிற நுனிக் கிளைக்கு நான் நடந்தே போவேன்.

இத்தனை இருந்தும் செங்கத்து மண்டியில் எனக்கு மரியாதை கிடையாது. மலைப் புளி ஈரப் புளி என்பது அவர்கள் தினமும் பாடுகிற பாட்டு. பாறை மேல் காயவைத்து, தலையிலும் கழுதையிலும் சுமந்து இறக்கிய புளியில் கட்டை விரலை அழுத்திப் பார்த்து, ஈரம் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஒரு வருஷம் என் மூட்டைகளைத் தராசில் ஏற்றாமல் வாசலிலேயே போட்டு வைத்தார்கள். சாயங்காலம் மழை வந்து புளி நிஜமாகவே நனைந்தது. 'நாங்க அப்பவே சொன்னோம் இல்ல' என்று சொல்லிச் சிரித்தார்கள். இனி அந்தத் தராசில் என் புளி ஏறாது என்று அன்றைக்கு மண்ணைத் தொட்டுச் சொன்னேன். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும் அப்போது.

தோல் வியாபாரம் செய்த வாணியம்பாடி சாயபு ஒருவர் என்னிடம் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் வாங்குவார். மாலத்தீவில் புளிக்குத் தட்டுப்பாடு என்றும், அங்கே கடை வைத்திருக்கும் தன் சொந்தக்காரர் எவ்வளவு அனுப்பினாலும் எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னவர் அவர்தான். தூத்துக்குடியிலிருந்து பாய்மரத் தோணிகள் போகின்றன, ஆனால் சரக்கோடு சரக்குக்காரனும் போக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை வழியிலேயே இளைத்துவிடும் என்றார். காகித வேலையெல்லாம் அவர் ஆட்களே முடித்துக் கொடுத்தார்கள்.

அந்த மாசியில் கையில் இருந்ததைப் போட்டு, ஏர் மாட்டையும் விற்று, புளி சேர்த்தேன். என் மாமனார் ஊர்க் கூட்டத்தில் வைத்தே சொன்னார், இவன் போய்ட்டு வெறுங்கையோட வந்தா என் வூட்டு மாட்டை மேய்க்கட்டும், சோறு போடறேன் என்று. அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. புளி போனால் நான் பண்ணையாள். அந்த நினைப்போடுதான் தோணியில் கால் வைத்தேன்.

தோணித் தலைவனை அங்கே தண்டல் என்பார்கள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், கண் எப்போதும் வானத்தில். என் புளி ஏற்றிய லாரி தூத்துக்குடிக்குத் தாமதமாகப் போனதால் அடித்தளம் முழுக்க ஏற்கெனவே அரிசியும் வெங்காயமும் நிரம்பியிருந்தன. என் மூட்டைகளை மேல்தட்டில், பாய்மரத்தின் காலடியிலிருந்து முன்பக்கம் வரை அடுக்கினார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தோணிக்கு மேலே கனம் ஏறினால் காற்றில் கவிழும் என்று முனகினான். பிறகு என்னைப் பார்த்து, மூட்டைக்கு மேலே இது ஒரு மூட்டையா என்று கேட்டான். ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முகங்களையெல்லாம் நான் நினைவில் வைத்துக்கொண்டேன். அது என் பழக்கம்.

சமையல்காரர் மட்டும் மூத்தவர், கொஞ்சம் மனுஷத்தன்மை உள்ளவர். காற்றின் பெயர்களை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். வாடை சாகிற நேரமும் கச்சான் பிறக்கிற நேரமும் சேர்கிற பங்குனி, சித்திரையில் கடலுக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்றார். நாங்கள் கிளம்பியது அந்தக் கிறுக்கில்தான். அந்தப் பருவத்தின் கடைசித் தோணி அது.

முதலில் சாகப்போகிற வாடை எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. கரை மறைந்தது. எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. மூட்டை இடுக்கில் சுருண்டு கிடந்தேன். வயிற்றில் இருக்கிற மலையெல்லாம் இறங்கிவிட்டதா, தோணி லேசாக ஓடுகிறதே என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் தண்ணீரில் எதுவோ தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஒன்று. எழுந்து பார்த்தால், என் ஓரத்து மூட்டைகளைத் தூக்கிக் கடலில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேற்கில் ஒரு கறுத்த மேகம் நின்றது. அதைப் பார்த்துத் தண்டல் உத்தரவு போட்டிருக்கிறான். நான் தள்ளாடிப் போய் நிறுத்துவதற்குள் சில மூட்டைகள் மிதந்து பின்னால் போய்விட்டன. அந்த மேகம் என்ன செய்தது தெரியுமா? எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெற்கே நடந்து போனது. ஒரு சொட்டு விழவில்லை.

அவன் சட்டையைப் பிடித்தேன்.

"என் சரக்கு உனக்கு இன்னா, தொட்டுக்கிற ஊறுகாயா?"

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. "ஓய் மலைக்காரரே, கரையில போயி எங்கிட்ட உசுரு கணக்கு கேப்பாவ. புளி கணக்கு ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்றான்.

"நான் கேப்பேன்" என்றேன்.

அன்றிலிருந்து மூட்டைகளின் மேலேயே படுத்தேன். மலையில் மரம் கழிக்கிற என் கொடுவாள் தலைமாட்டில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு கிண்டல் குறைந்தது.

பிறகு வாடை செத்தது. அதைப் போல ஒரு கொடுமையை நான் பார்த்ததில்லை. கடல் விளக்கெண்ணெய் மாதிரி கிடந்தது. பாய் ஈரத்துணி போலத் தொங்கியது. பீப்பாய்த் தண்ணீரை அளந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். மலைக்காரன் ஏறினான், காற்று இறங்கிப் போய்விட்டது என்று தண்டல் என் காதில் விழும்படியே சொல்வான். கடலுக்கு அவன் காவல்காரனா, நான் காவல்காரனா என்று நானும் அவன் காதில் விழும்படியே கேட்பேன்.

அந்த வெயிலில் புளி வியர்த்தது. ஈரப் புளி என்று சொல்லப்படுவதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்? பாறையில் காயவைக்கிறவனுக்குத் தெரிந்த வேலையைத் தட்டின் மேலே செய்தேன். உச்சி வெயிலில் தார்ப்பாய் போட்டு மூடுவேன். வெயில் தணிந்ததும் திறந்து மூட்டையைப் புரட்டுவேன். விடியற்காலைப் பனி இறங்குமுன் மறுபடி மூடுவேன். கடல் காற்றின் உப்பு படிந்தால் புளி நீர் விடும், அதனால் ஓரத்து மூட்டைகளைத் தினமும் துடைத்தேன். பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான் என்று ஒருவன் சொன்னான். உன் அம்மா உன்னை இந்த மாதிரி பார்த்திருந்தால் நீ உருப்பட்டிருப்பாய் என்றேன். அவன் பிறகு என் பக்கம் வரவில்லை.

அப்போதுதான் இரண்டாவது மேகம் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மலைக்காரன் மழையை மலைகளால் அளக்கிறவன். தூரத்து முகட்டில் மழை கட்டினால், அது எந்த முகட்டைத் தாண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கி வருகிறது என்று பார்த்தே, காயவைத்த சாமையை வாரலாமா, இன்னும் ஒரு வெற்றிலை போட நேரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். நாலு முகடு தள்ளி என்றால் தாராளமாக நேரம் இருக்கிறது. என் கணக்கு மலையில் ஒரு தடவையும் பொய்த்ததில்லை. அன்று மத்தியானம் கடலின் ஓரத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் என் கண் அதே கணக்கைப் போட்டது. நாலு முகடு. மூட்டைகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்ட நேரம் இருக்கிறது என்று கயிற்றை எடுத்தேன்.

தண்டல் நாலு ஆட்களோடு வந்தான். எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்றான். நான் கொடுவாளோடு மூட்டை மேல் நின்றேன்.

"அது இன்னும் ரொம்ப தூரம் இருக்குது. கை வச்சவன் கை இங்கியே கெடக்கும்" என்றேன்.

"தூரமா? கடல்ல ஏதுவே தூரம்? எறங்கும்."

"போன தபா பயந்து போட்டியே, மழ வந்துதா?"

"வராட்டி மாதாவுக்கு நன்றி சொல்லணும்வே. சண்டைக்கு நிப்பீரா?"

கடலில் பள்ளம் இல்லை, முகடு இல்லை, அந்தச் சனியனை நிறுத்தி வைக்க ஒரு மரம் கிடையாது. நான் பதில் சொல்ல வாய் திறந்தபோது அது எங்கள் மேல் இருந்தது. என் கணக்கு பொய்த்ததற்குக் கடல்தான் காரணம், நான் இல்லை. தண்டலுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாயை இறக்கச் சொல்ல வேண்டிய வாய் என் புளியைப் பேசிக்கொண்டிருந்தது. அவன் இது என்னால் என்று சாகும்வரை சொல்லியிருப்பான். சொல்லட்டும்.

கச்சான் அடித்த முதல் அடியிலேயே தோணி ஒரு பக்கமாகப் படுத்தது. தட்டின் ஓரம் தண்ணீருக்குள் போனது. ஓரத்து மூட்டைகள் சில கட்டை அறுத்துக்கொண்டு போயின. நான் தார்ப்பாயோடு இறுக்கிக் கட்டியவை நனையாமல் நின்றன, அதையும் சொல்லி வைக்கிறேன். பாயை ஏற்றி இறக்குகிற பெரிய வடத்தை அவிழ்த்துவிட்டார்கள். பாய் இறங்கவில்லை. மரத்தின் உச்சியில் கப்பிக்குள் வடம் சிக்கிக்கொண்டது. காற்று முழுக்க அந்தப் பாயில் நின்று எங்களை அழுத்தியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அரிசி, வெங்காயம், புளி, ஆள் என்ற வித்தியாசம் இருக்காது.

தண்டல் மேலே பார்த்தான். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். ஒருவனும் அசையவில்லை.

நான் கொடுவாளைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். சாய்ந்த மரத்தில் ஏறுவது நேர்மரத்தில் ஏறுவதைவிடச் சுலபம். புளி உலுக்குகிறவனுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. வழுக்கியது உண்மை. மழை கண்ணில் கூழாங்கல் மாதிரி அடித்ததும் உண்மை. ஆனால் கீழே பார்க்காதவன் விழுவதில்லை. உச்சியில் ஒரு காலை மரத்தில் பின்னிக்கொண்டு, விறைத்து நின்ற வடத்தை ஓங்கி வெட்டினேன். இரண்டாவது வெட்டில் அது போனது. பாயும் அதைத் தாங்குகிற கழியும் ஒன்றாகக் கடலில் விழுந்தன. தோணி உதறிக்கொண்டு நிமிர்ந்தது. அது நிமிர்ந்த வேகத்தில் நான் தெறித்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

நான் இறங்கி வந்தபோது யாரும் கும்பிடவில்லை. தண்ணீர் நிறைந்த பாய் தோணியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. கழியை மட்டும் பிடித்துக்கொண்டு பாயை அறுத்துவிடச் சொன்னவன் தண்டல். அறுத்துவிட்டார்கள். காற்று வந்தது போலவே ஓய்ந்தது. மிச்சம் பாயில்லாத ஒரு மரம், கீழே நாங்கள்.

"பாய முழுங்கிட்டீரு" என்றான் அவன். அதுதான் அவன் எனக்குச் சொன்ன நன்றி.

மாற்றுப் பாய் ஒன்று இருந்தது. விரித்தால் எலி கடித்து வலை மாதிரி இருந்தது. கரையில் அதைத் தைத்து வைக்க அவனுக்கு நேரமில்லையாம், வானத்தைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்திருக்கும். முன்பக்கத்துச் சின்னப் பாயை வைத்துக்கொண்டு தோணியைத் திருப்ப முடியுமே தவிர ஓட்ட முடியாது. நீரோட்டம் எங்களை எங்கேயோ இழுத்தது. அந்தத் தீவுகள் தென்னை உயரம்கூட இல்லாத மணல் திட்டுகள், தவறவிட்டால் அப்புறம் கரையே கிடையாது என்று சமையல்காரர் மெதுவாகச் சொன்னார். தண்ணீர்ப் பீப்பாயைத் தட்டினால் பாதிக்குக் கீழேதான் சத்தம் மாறியது.

எல்லார் கண்ணும் என் மூட்டைகள் மேல் விழுந்தது. வெளிநாட்டுச் சரக்கு என்று சாயபு வற்புறுத்தியதால் எல்லாமே புதுச் சாக்குகள். தண்டல் வந்து, சாக்குகளைக் கொடும், பாய் தைக்கணும் என்றான். புளியை என்ன செய்வது என்று கேட்டேன். கையைக் கடல் பக்கம் காட்டினான்.

"சாக்கு தர்றேன். கோணி ஊசியும் சணலும் எங்கிட்டியே இருக்குது, நானே தச்சியும் தர்றேன். ஆனா புளி ஒரு பிடி கீழ போவக்கூடாது. உன் அறைல கொட்டு."

பின்பக்கத்தில் கூரை போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. மழையும் உப்பும் படாத இடம் தோணியில் அது ஒன்றுதான். அவன் படுக்கை, மரப்பெட்டி, சுவரில் மாதா படம் எல்லாம் அங்கே.

அவன் முகம் கறுத்துவிட்டது. "அது தண்டல் படுக்க எடம்வே. எங்கப்பன் படுத்த எடம்."

"அப்ப உன் அப்பன் வந்து பாய் தரட்டும்."

அந்த வார்த்தைக்கு அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை, திரும்பிப் போனான். அன்று முழுக்க மிதந்தோம். மறுநாளும். அவன் சுக்கான் பக்கம் உட்கார்ந்திருந்தான், நான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் யாரையும் பார்க்காமல் படுத்துக் கிடந்தார்கள். என் தொண்டையும்தான் காய்ந்தது. ஆனால் மாமனாரின் மாட்டுக் கொட்டகை கண்ணில் வந்து வந்து போனது. இப்போது விட்டுக்கொடுத்தால் கரையில் உயிரோடு இறங்குவேன், அவ்வளவுதான்.

சமையல்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"தம்பி, அவன் மசியமாட்டான். நீயாவது மசி."

"அண்ணே, அவன் உசுருக்கு அறை. என் உசுருக்குப் புளி. அறை கரைஞ்சா போவும்?"

அவர் குவளையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே என்ன சொன்னாரோ, பின்னாலேயே ஆட்களில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். குரல்கள் ஏறி இறங்கின. கடைசியில் தண்டல் தன் பெட்டியையும் படுக்கையையும் வெளியே தூக்கிப் போட்டான். மாதா படத்தை மட்டும் கழற்ற வேண்டாம், அது இருந்தால் என் சரக்குக்கும் நல்லதுதான் என்று நான் சொல்லி அனுப்பினேன். அதையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

புளியைக் கூரை முட்டக் கொட்டினோம். பிறகு தைத்தேன். மூட்டை வாய் தைக்கிற தையல் காற்றில் பிரிந்துவிடும் என்று தெரிந்து, சாக்கின் ஓரத்தை மடித்து இரண்டு வரிசையாக ஊசி போட்டேன். ஆட்களுக்கும் காட்டிக் கொடுத்தேன். அவர்கள் தையல் கோணலாகப் போன இடத்தைப் பிரித்துத் திரும்பப் போட வைத்தேன். என் விரல் கிழிந்து ரத்தம் சாக்கில் பட்டது. தண்டல் வந்து ஒரு மூலையை இழுத்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை அவனுக்கு. மூலைகளில் கயிறு கட்டும் வேலையை அவனே செய்தான். அவன் கட்டு நல்ல கட்டு. அதை மறைக்க மாட்டேன்.

சாக்குப் பாய் ஏறிய மறுநாள் காற்றில்லாத மழை ஒன்று பெய்தது. பாயைத் தொய்யவிட்டு, வழிகிற தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தார்கள். ஆளுக்கொரு குவளை எடுத்துக் குடித்ததும் முகம் கோணியது. சாக்கில் ஊறியிருந்த புளி முழுக்க அதில் இறங்கியிருந்தது. துப்பினவன் ஒருத்தனும் இல்லை. சமையல்காரர் அதில் மிளகைத் தட்டிப் போட்டு ரசம் என்று ஊற்றினார். தண்டலும் குடித்தான். என் புளியைக் குடிக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை.

பிறகு கொண்டல் எழுந்தது. கிழக்கிலிருந்து நிதானமாக, வண்டி மாடு மாதிரி ஒரே நடையில் தள்ளியது. என் சாக்குகள் வயிறு புடைத்து நின்றன. காற்று கொஞ்சம் கூடினால் தண்டல் பாயைத் தாழ்த்துவான், குறைந்தால் ஏற்றுவான். ராத்திரிகளில் தட்டில் பனியில் படுத்து இருமினான். அந்த இருமல் கேட்டு எனக்குத் தூக்கம் கெட்டது என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன்.

தென்னைகள் கடலில் நட்டு வைத்தது போல ஒரு காலையில் தெரிந்தன. தவறவிடவில்லை. தண்டல் முழங்காலிட்டுக் கும்பிட்டான். நான் எங்கள் மலைக் காளியை நினைத்துக்கொண்டேன், பிறகு அறைக் கதவைத் திறந்து புளியை மோந்து பார்த்தேன். ஈரமில்லை. செங்கத்து மண்டிக் கட்டை விரல்களை அங்கே கொண்டுவந்து அழுத்திக் காட்ட வேண்டும் போல இருந்தது.

கரையில் சாயபுவின் சொந்தக்காரர் ஆட்களோடு காத்திருந்தார். சரக்கை மூட்டையாகத்தான் எடுப்பேன் என்றார். நான் நேரே போய்ப் பாயை இறக்கிக் கொடுவாளால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். தண்டல் ஓடி வந்தான். திரும்பிப் போக எனக்குப் பாய் வேண்டாமா என்றான். உன் பாயை நீ வாங்கிக்கொள், இது என் சாக்கு என்றேன். ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு சாக்காகப் பிரித்து, உதறி, அவன் அறையிலிருந்த புளியை நிரப்பினேன். நான் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மூலையில் அவன் போட்ட கட்டு இருந்தது. அது என் விரலுக்கு அவிழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், குனிந்து ஒரே இழுப்பில் அவிழ்த்து, சாக்கை என் காலடியில் போட்டான்.

கடைசி மூட்டை இறங்கியதும் அறைக்குள் தலையை நீட்டினான்.

"எங்கப்பன் படுத்த எடம் முழுக்கப் புளிச்சிக் கெடக்கு" என்றான்.

"கழுவிக்க தண்டலு. கடல் பக்கத்துலதான இருக்குது."

அந்தப் புளிக்கு வந்ததில் முதலில் மாடு வாங்கினேன். அதை மாமனார் வீட்டு வாசல் வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன், வேறு வழி இருந்தும். செங்கத்தில் எனக்கென்று ஒரு மண்டி பிறகு வந்தது. அங்கே புளியில் கட்டை விரலை வைக்கிறவன் வெளியே போய்விட வேண்டும்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். தீவிலிருந்து கிளம்பும்போது கச்சான் நன்றாகப் பிறந்து கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, பருவம் மாறும்வரை பாய்த் தோணி எதுவும் நகராது என்றார்கள். வந்த நீராவிக் கப்பலில் இடம் பிடித்தேன். அவன் தோணியில் இனி ஏறமாட்டேன் என்று துறைமுகத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னேன். ஏற்றவும் மாட்டேன் என்று அவனும் அங்கேயே நின்று சொன்னான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன சங்கதி அது ஒன்றுதான்.